மஞ்சள் பூசாத வரி

திருத்திய பிரதி வந்திருக்கிறது என்று சார் சொன்னபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். பாக்டீரியா ஆய்வகத்தில் பாதி வேலை கை கழுவுவதுதான்.

"மியூட்டு, அந்த விதைக் கட்டுரை திரும்பி வந்திருக்கு. உனக்கு அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துடு."

மியூட் என் பட்டப்பெயர். ஆன்லைன் மீட்டிங்குகளில் நான் ஒரு முறைகூட மைக்கைத் திறந்ததில்லை. கூட வேலை செய்பவர்கள் விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சாரும் கூப்பிடத் தொடங்கிய பிறகு அது என் மேல் ஒட்டிக்கொண்டது.

ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை போனால், எடிட்டர் அதை அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார். அவர்கள் குறைகளை எழுதித் தருவார்கள். எழுதியவர்கள் அவற்றைச் சரிசெய்து மறுபடி அனுப்புவார்கள். அதே இரண்டு பேர் மறுபடி பார்த்து, போடலாமா கூடாதா என்று சொல்வார்கள். எங்கள் ஆய்வகத்தில் அழைப்பு தலைவரான சாருக்கு வரும். கட்டுரை எனக்கு வரும். நான் எழுதியதைச் சார் ஒரு பார்வை பார்த்து, ஒன்றிரண்டு காற்புள்ளிகளை இடம் மாற்றி, தன் பெயரில் அனுப்புவார். என் பெயர் எங்கேயும் இருக்காது. பல ஆய்வகங்களில் இப்படித்தான் நடக்கிறது.

சொல்லப்போனால் எனக்கு அது பிடித்திருந்தது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவள் நான். மதிப்பாய்வுப் படிவத்தின் கட்டத்துக்குள் எழுதும்போது மட்டும் 'இது போதாது', 'இதற்கு ஆதாரம் எங்கே' என்று தயங்காமல் கேட்டேன்.

விதைக் கட்டுரை எளிமையானது. ஒரு காட்டு மரம். அதன் விதை முளைக்க ரொம்ப நாள் பிடிக்கும். அதே மரத்தடி மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவில் விதையை ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கிறது, நாற்றும் திடமாக வருகிறது. பன்னிரண்டு நாற்றுத் தட்டுகளில் செய்து பார்த்திருந்தார்கள். பாக்டீரியா இருப்பதால் கட்டுரை எங்களிடம் வந்தது.

முதல் முறை படித்தபோதே எனக்கு அதைப் பிடித்துவிட்டது. அலட்டல் இல்லாத எழுத்து. மூன்று சின்னக் குறைகள்தான் கிடைத்தன. ஒரு படத்தில் அளவுகோல் இல்லை, ஓர் அட்டவணையில் தலைப்பு மாறியிருந்தது, ஒரு மேற்கோளின் ஆண்டு தவறு. எழுதிக் கொடுத்தேன். சார் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கல் எங்க?"

அது சாருடைய சொல். ஒவ்வொரு மதிப்பாய்விலும் ஒரு கல்லாவது இருக்க வேண்டும். எழுதியவர்கள் உட்கார்ந்து புரட்டிப்போட வேண்டிய ஒரு பெரிய கேள்வி. வெறும் மணலாக இருந்தால் நாம் படிக்கவே இல்லை என்று எடிட்டர் நினைத்துக்கொள்வார் என்பார்.

திரும்பி என் இடத்துக்கு வந்து நான்காவது கருத்தைச் சேர்த்தேன். 'இந்தச் சோதனையைப் புதிய விதைத் தொகுதி ஒன்றைக் கொண்டு மீண்டும் செய்து, முடிவு மாறாமல் வருகிறதா என்று காட்டவும்.' எங்கள் வேலையில் இது சாதாரணம். பாக்டீரியாவைச் சாயங்காலம் தட்டில் இட்டுவிட்டுப் போனால் காலையில் வளர்ந்து நிற்கும். மீண்டும் செய் என்றால் மறுநாள் செய்துவிடலாம்.

"இது கல்," என்றார் சார்.

இப்போது அந்தக் கட்டுரை திரும்பி வந்திருந்தது. எடிட்டரின் கடிதத்தின் அடியில் ஒரு வேண்டுகோள். கட்டுரையின் முதல் பெயருக்குரிய மாணவி இந்த மாத இறுதிக்குள் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் நிறுவனத்தின் விதி, தவறினால் பதிவே ரத்தாகும், ஆகவே தாமதிக்காமல் முடிவு சொல்லவும்.

திருத்திய பிரதியோடு எப்போதும் மூன்று கோப்புகள் வரும். ஒன்று, நம் கருத்துகளுக்கு அவர்கள் எழுதிய பதில். அடுத்தது, மாற்றிய இடங்களிலெல்லாம் மஞ்சள் பூசிய பிரதி. மூன்றாவது, மஞ்சள் இல்லாத சுத்தமான பிரதி. பெரும்பாலானவர்கள் பதிலை மட்டும் படிப்பார்கள், சாரும் அப்படித்தான். நமக்கு எதைக் காட்ட நினைக்கிறார்களோ அதுதான் பதிலில் இருக்கும். அதனால் நான் பழைய பிரதியையும் புதிய பிரதியையும் அச்செடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை நகர்த்திக்கொண்டே வரிவரியாகப் பார்ப்பேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானாகப் பிடித்துக்கொண்ட வழக்கம்.

ஆனால் அன்று பதிலைத்தான் முதலில் திறந்தேன். கல் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசை.

'மதிப்பாய்வாளரின் ஆழ்ந்த கருத்துக்கு மிக்க நன்றி. அறிவுறுத்தியபடி, புதிய விதைத் தொகுதியுடன் சோதனை மீண்டும் செய்யப்பட்டது. முடிவு மாறவில்லை. படம் ஐந்தைப் பார்க்கவும்.'

படம் ஐந்தைப் பார்த்தேன். அழகாக இருந்தது. சின்னதாக ஒரு பெருமைகூட வந்தது. நான் கேட்டதால் ஒரு கட்டுரை உறுதிப்பட்டிருக்கிறது.

மீதியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை செய்கிறாள். வாரன்டி முடிந்துவிட்டது, இந்த உடைசல் வாரன்டியில் வராது, உங்கள் பகுதிக்கு எங்கள் ஆள் வரமாட்டார் என்று நாள் முழுக்கப் போனிலும் கடிதத்திலும் சொல்வது அவள் வேலை.

சாப்பாட்டு மேசையில் இரண்டு பிரதிகளையும் விரித்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியும் அடுத்தவங்க பரீட்சைப் பேப்பரா? இதுக்கு ஏதாவது குடுக்கிறாங்களா?"

"இல்லக்கா."

"பேராவது போடுவாங்களா?"

"சார் பேர்லதான் போகும். அதுவும் எழுதினவங்களுக்குத் தெரியாது."

"காசும் இல்ல, பேரும் இல்ல. அப்ப இது வேலை இல்லடி, வியாதி." உள்ளே திரும்பி, "ஏங்க, கேட்டீங்களா? நம்ம வீட்டு ஊமைக்கொட்டான் ஊர்ல இருக்கிற படிச்சவங்களுக்கெல்லாம் மார்க் போடறா," என்றாள்.

"அப்படியே என் மேனேஜருக்கும் போடச் சொல்லு," என்று அத்தானின் குரல் வந்தது.

நான் ஸ்கேலை நகர்த்தினேன். செய்முறைப் பகுதியில் நின்றது. பழைய பிரதியில் 'பன்னிரண்டு நாற்றுத் தட்டுகள்' என்று இருந்தது. புதிய பிரதியில் அதே வரி, அதே சொற்கள், 'எட்டு நாற்றுத் தட்டுகள்'.

மஞ்சள் பூசிய பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியில் மஞ்சள் இல்லை. முன்னும் பின்னும் காற்புள்ளிக்குக்கூட மஞ்சள் பூசியிருந்தார்கள்.

படம் ஐந்தின் அடிக்குறிப்பைப் படித்தேன். 'இரண்டாம் தொகுதி: நான்கு நாற்றுத் தட்டுகள்.'

எட்டும் நாலும்.

பழைய பிரதியின் பின்னிணைப்பில் பன்னிரண்டு தட்டுகளின் எண்களும் தனித்தனியாக இருந்தன. கடைசி நான்கை எடுத்து, படம் ஐந்தின் எண்களோடு வைத்துப் பார்த்தேன். தசமப் புள்ளிவரை அதேதான்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. ஒரு கணக்கு."

"தப்பா?"

"சரியா இருக்குக்கா. அதான்."

மறுநாள் பாசியிடம் போனேன். பாசி பக்கத்து ஆய்வகத்தில் தாவரங்களைப் படிக்கிறவள். அவளுடைய கண்ணாடித் தொட்டிகளில் எப்போதும் பச்சையாக ஏதாவது படர்ந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். நான் வாய்விட்டுப் பேசுகிற இரண்டு மூன்று பேரில் அவள் ஒருத்தி. கட்டுரையைக் காட்டக் கூடாது என்பதால் மரத்தின் பெயரை மட்டும் சொன்னேன்.

"அதோட புது விதை கிடைக்குமா, இப்போ?"

"இப்பவா?" பாசி சிரித்தாள். "அது வெயில் காலத்துல ஒரே ஒரு தடவை கொட்டும்டி. கொட்டின கையோட எடுத்து விதைக்கணும். காஞ்சாச் செத்துரும். ஃப்ரிட்ஜ்ல வெச்சா அதுக்கு முன்னாடியே செத்துரும். மகா ரோஷக்கார விதை."

"வேற ஊர்ல?"

"எல்லா ஊர்லயும் ஒரே சமயத்துலதான். பேசி வெச்சுக்கிட்ட மாதிரி. ஏன், உனக்கெதுக்கு? யாராவது இப்பப் போய் விதை கேட்டாங்களா?"

நான் அவளுடைய தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எந்த அறிவாளிடி கேட்டது? மாமரத்துக்கிட்டப் போய், நாளைக்குக் காலைல பழத்தோட வா, இல்லேன்னா மார்க் கட்டுன்னு சொல்ற மாதிரி..." சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "நீயா?"

நான் தலையை ஆட்டினேன்.

"சரி விடு. முடியாதுன்னு அவங்க எழுதிட்டாப் போச்சு. வேலை முடிஞ்சுது."

"எழுதலையே."

பாசி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க முடியாது.

என் இடத்துக்கு வந்து அந்த மாணவியின் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். ஆய்வுக்குழுவின் படம் ஒன்று இருந்தது. நடுவில் அவளுடைய ஆய்வை வழிநடத்தும் கைடு, அவர் இரண்டு பக்கமும் பையன்கள். ஓரத்தில், முன்னால் நின்றவனின் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக அவள். கையில் ஒரு நாற்றுத் தட்டைப் பிடித்திருந்தாள். தட்டு முழுதாகத் தெரிந்தது.

ஆதாயத்துக்காகச் செய்த பொய்யாக அது எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு தட்டும் உண்மை. முளைத்ததும் உண்மை. நான் இல்லாத விதையைக் கேட்டேன். அவள் இருந்ததைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

நான் சும்மா இருந்தால் கட்டுரை வந்துவிடும், அவளுக்குப் பட்டம் கிடைக்கும். ஆனால் ஒரு முறை செய்ததை இரண்டு முறை செய்ததாக உலகம் படிக்கும். வாயைத் திறந்தால் அவள் கதை முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கும் என்று அன்று முழுக்க எழுதி எழுதி அழித்தேன். தட்டுகளை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் சீறி அடங்கியதுகூடக் காதில் விழவில்லை. கடைசியில் இப்படி வந்தது.

'எமது நான்காவது கருத்து இந்த மரத்துக்குப் பொருந்தாதது. அதை விலக்கிக்கொள்கிறோம். படம் ஐந்தை நீக்கிவிட்டு, முதல் பிரதியில் இருந்தபடியே எல்லாத் தட்டுகளின் முடிவுகளையும் ஒன்றாகத் தரலாம். மற்றபடி கட்டுரை ஏற்கத்தக்கது.'

யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவள் இதைப் படித்தால் புரிந்துகொள்வாள். படத்தை எடுத்துவிட்டு, பழைய எண்ணைப் போட்டுவிட்டு, மூச்சு விடுவாள். பொய்யும் அச்சேறாது. எனக்கே அதைப் படிக்கப் படிக்கத் தெம்பாக இருந்தது.

வியாழக்கிழமை சாரிடம் கொடுத்தேன். சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் பார்வை நான்காவது கருத்தில் நின்றது.

"விலக்கிக்கிறதா? நாம கேட்டோம், அவங்க செஞ்சும் குடுத்துட்டாங்க. செஞ்சு குடுத்ததை எதுக்கு வேணாங்கற?"

இந்தக் கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும். வாய்க்கு வந்த ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால்கூடப் போதும். படம் தெளிவாக இல்லை, இடம் போதாது, எதுவானாலும். எனக்கு எதுவும் வரவில்லை.

சார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பழைய காப்பியைக் குடு," என்றார்.

கொடுத்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். மேசையில் வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் கையில்தான் இருந்தது, கேட்டார், நீட்டிவிட்டேன். சார் சோம்பேறியே தவிர முட்டாள் இல்லை. டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"எட்டும் நாலும்," என்றார்.

"சார், அந்த விதை இப்போ கிடைக்காது. நாம கேட்டதே தப்பு."

"தப்புதான். மரத்தைப் பத்தி விசாரிக்காமக் கேட்டுட்டோம். அதுக்கு?"

"அவங்களுக்கு வேற வழி இல்ல சார்."

"இருந்துச்சே. முடியலைன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தா நான் சரின்னுதானே சொல்லியிருப்பேன்? எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், நீயே பார்த்திருக்க."

பார்த்திருக்கிறேன். உண்மைதான்.

"இதை அனுப்பிட்டா அவங்களே எடுத்துடுவாங்க சார். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி என் பேர்ல எப்படி எழுதறது? நாளைக்கு இவங்களே இன்னொரு கட்டுரையில இதே மாதிரி செஞ்சா? நாத்துப்பண்ணைக்காரன் ஒருத்தன், ரெண்டு தடவை சோதிச்சதாம்னு நம்பி ஊரெல்லாம் நட்டு வெச்சா?"

"அந்தப் பொண்ணோட டிகிரி சார்."

"அந்தப் பண்ணைக்காரன் கேட்டா, டிகிரிக்காக விட்டுட்டோம்பான்னு சொல்லுவியா?"

சார் கோபமாகப் பேசவில்லை. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, எடிட்டர் மட்டும் படிக்கும் கட்டத்தில் தானே அடிக்கத் தொடங்கினார். நான் எழுதியதை முழுவதும் அழித்தார். என் நான்கு வரிகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார், நாம கேட்டது அந்த நேரத்துல செய்ய முடியாத காரியம்னும் ஒரு வரி சேர்த்துடுங்க சார்."

அந்த அறையில் நானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் முறை. சார் விரலை நிறுத்தி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அது அவங்க சொல்ல வேண்டிய வரி. நாம எடுத்துக் குடுத்தா, தெரியாத விஷயத்துல தலையிட்டவன்னு என்னைப் பத்திதான் நினைப்பாங்க," என்றார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

அதன் பிறகு சில நாட்கள் எதுவும் வரவில்லை. நான் தட்டுகளைக் கழுவினேன், பாக்டீரியா வளர்த்தேன், எண்ணினேன். ஒவ்வொரு முறை சாரின் அறைக் கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். பாசி ஒரு முறை, "என்னாச்சு உன் ரோஷக்கார விதை?" என்று கேட்டாள். முளைக்கவில்லை என்று சொன்னேன்.

எடிட்டர் எடுத்த முடிவின் நகல் மதிப்பாய்வாளர்களுக்கும் வரும். சார் அதை ஒரு சொல்லும் சேர்க்காமல் எனக்கு அனுப்பியிருந்தார். படிக்கட்டில் நின்று போனில் படித்தேன்.

கட்டுரை நிராகரிக்கப்பட்டது. நிறுவனத்துக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டிருந்தது. கீழே கைடின் விளக்கம். 'படம் ஐந்தில் நேர்ந்தது முதல் பெயருக்குரிய மாணவியின் தனிப்பட்ட செயல். இதில் மற்றவர்களுக்குத் தொடர்பில்லை. அவர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படுகிறது.'

அதற்கும் கீழே அவள் எழுதியது. எடிட்டர் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

'விதை கிடைக்கவில்லை. மரம் அடுத்த வெயிலில்தான் காய்க்கும். அதுவரை எனக்கு அவகாசம் இல்லை. மதிப்பாய்வாளர் கேட்ட ஒன்றை முடியாது என்று எழுதலாமா என்று எனக்குத் தெரியாது. அப்படி எழுதியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு தட்டுகளின் எண்களும் உண்மையானவை.'

அவ்வளவுதான். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றாமல் போனதா, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாளா, தெரியவில்லை. படிகளில் ஏறி வந்த ஒருவர் வழி கேட்கும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.

அவளுக்கு எழுத முடியாது. எழுதியவர்களுக்கும் மதிப்பாய்ந்தவர்களுக்கும் நடுவே ஒரு திரை இருக்கிறது. அதைக் கிழித்தால் சாரின் பெயர் வெளியே வரும். எழுதினாலும் என்ன எழுதுவது? முடியாது என்று நீ எழுதியிருக்கலாம், நாங்கள் ஒப்புக்கொண்டிருப்போம் என்றா?

எடிட்டருக்கு எழுதலாம் என்று தோன்றியது. என் பெயரில், என் முகவரியிலிருந்து. வீட்டில் அக்காவிடம் முழுவதையும் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் பேசி அவள் கேட்டதில்லை. கையிலிருந்த துணியை மடிக்காமலே வைத்திருந்தாள்.

"அக்கா, ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேட்டு எழுதணும்னா எப்படி எழுதறது?"

"உனக்கு என்ன வேணுமோ அதை முதல் வரியில எழுது. கதையெல்லாம் பின்னாடி. நாங்க முதல் வரிக்கு மேல படிக்க மாட்டோம்."

அப்படியே எழுதினேன். 'இந்தக் கட்டுரையின் மதிப்பாய்வில் நான்காவது கருத்தை எழுதியவள் நான். அந்த மரம் காய்க்காத காலத்தில் அது செய்ய முடியாத காரியம். அந்த மாணவியின் நிறுவனத்துக்கு இதையும் தெரிவிக்கும்படி வேண்டுகிறேன். முடிந்தால் படம் ஐந்து இல்லாமல் கட்டுரையை ஒரு முறை பார்க்கவும்.' சாரிடம் சொல்லவில்லை. அனுப்பிய பிறகு ஒரு மாதிரி லேசாக இருந்தது. நம்பக்கூடச் செய்தேன்.

பதில் சீக்கிரமே வந்தது.

'உங்கள் அக்கறைக்கு நன்றி. எங்கள் பதிவேட்டில் இக்கட்டுரையின் மதிப்பாய்வாளர்களில் உங்கள் பெயர் இல்லை. மதிப்பாய்வில் பங்கேற்காதவர்களின் கருத்துகளை எங்களால் கருத்தில் கொள்ள இயலாது. வெளியிடப்படாத ஒரு கட்டுரை உங்கள் பார்வைக்கு வந்தது எவ்வாறு என்பது குறித்து உரியவரிடம் விளக்கம் கேட்டுள்ளோம். இக்கட்டுரை மீதான முடிவு இறுதியானது.'

மறுநாள் சார் ஆய்வகத்துக்கு வந்தார். பொதுவாக அவர் வருவதில்லை, நாங்கள்தான் போவோம். என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, மூடியிருந்த ஒரு தட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்னுதானே சார் சொல்லியிருப்பீங்க."

"ஆமா."

அவர் முகமும் நன்றாக இல்லை.

"நான் பதில் எழுதிட்டேன். மொழிநடை திருத்தறதுக்காக மட்டும் உன்கிட்டக் குடுத்தேன்னு. அதுக்கு அனுமதி உண்டு. வேற எப்படி எழுதினாலும் ரெண்டு பேருக்கும் கஷ்டம்." பிறகு, "ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

சொல்ல நிறைய இருந்தது. மொழிநடையை நான் திருத்தவில்லை, கல்லை நான்தான் போட்டேன், நீங்கள் கேட்டதால் போட்டேன், போடாமல் இருந்திருக்கலாம். "இல்ல சார்," என்றேன். அவர் போய்விட்டார்.

மாதம் முடிந்த பிறகு அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆய்வுக்குழுவின் படத்தை மாற்றியிருந்தார்கள். கைடு நடுவில், பையன்கள் இரண்டு பக்கமும். பின்னால் யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எடிட்டரின் கடிதத்தைக் காட்டினேன். அதுவரை காட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆபீசில் படிக்கிற மாதிரி மெதுவாக, இரண்டு முறை படித்தாள்.

"நல்லா எழுதியிருக்காங்கடி," என்றாள். "திருப்பிப் பேச ஒரு சந்துகூட விடல. நாங்களும் இப்படித்தான் எழுதுவோம், ஆனா எங்களுது இவ்வளவு சுத்தமா இருக்காது."

"இந்த மாதிரி கடிதம் வந்தா ஜனங்க என்னக்கா பண்ணுவாங்க?"

"பண்றதுக்கு என்ன இருக்கு? சில பேர் போன் பண்ணித் திட்டுவாங்க. நிறையப் பேர் விட்டுடுவாங்க. ஒண்ணு ரெண்டு பேர் நேர்ல கிளம்பி வருவாங்க."

"வந்தா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தாள்.

"உக்கார வெச்சுத் தண்ணி குடுப்போம்," என்றாள்.